ஆயிரம் கோடியும் உயிரோடதான் இருக்கு

இதை நான் நேரில் கேட்கவில்லை. ஆய்வக மெஷின்களைப் பழுதுபார்க்கப் போகும் என் அறைத்தோழன் கேட்டுவந்து, எங்கள் சமையலறையில் நின்றபடி பேசிக் காட்டியது. பாலைப் புளிக்கவைத்துப் பானமாக்கி விற்கும் ஒரு தொழிற்சாலையின் லேபில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருக்க, அங்கே மேலாளராக இருக்கும் ஓர் அம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார். தான் பேசியதை அவன் விட்டுவிட்டான். பேச இடம் கிடைத்ததே குறைவு என்றான்.

*

...பொய் சொல்லுது தம்பி உங்க மெஷினு. பச்சப் பொய்! நல்லாப் பிரிச்சுப் பாருங்க. உள்ள ஏதாவது கழண்டு கெடக்கும். எலி கிலி கடிச்சிருக்கான்னும் பாருங்க... இல்ல இல்ல, எங்ககிட்ட எலியே கெடையாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அத எங்கயும் எழுதிறாதீங்க.

என்ன, நல்லா இருக்கா? இன்னும் மூடியே கழட்டல, அதுக்குள்ள நல்லா இருக்குங்கறீங்க! வாசல்ல நின்னே "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போற டாக்டர் மாதிரி. நிதானமாப் பாருங்க தம்பி. ஏன் சொல்றேன்னா, மெஷின் நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, தப்பு அந்தப் பொண்ணு மேலன்னு ஆயிடும். முதலாளி தீர்மானமாச் சொல்லிட்டாரு. தப்பு மெஷின் மேலயா பொண்ணு மேலயா, சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்னு. மெஷின்னா ரிப்பேரு. பொண்ணுன்னா வீட்டுக்கு. அவ்ளோதான்.

எந்தப் பொண்ணா? அதோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட, தட்டுங்கள அடுக்கிக்கிட்டு நிக்கறாளே... ஐயோ, பாக்காதீங்க! பாத்தா அவளப் பத்திதான் பேசறோம்னு தெரிஞ்சுரும். நாங்க வெச்ச பேரு 'சத்தியம்'. வாயத் தொறந்தா, "சத்தியமா இப்படித்தான் வருது மேடம்." கொஞ்சம் முன்னப்பின்னப் போடும்மான்னா போட மாட்டா. அவங்க குடும்பத்துலயே இவதான் மொதல்ல காலேஜுக்குப் போனவளாம். போனதுதான் போனா, கொஞ்சம் வளஞ்சு குடுக்கவும் கத்துக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?

மொதல்லேருந்து சொல்றேன், இல்லேன்னா உங்களுக்குப் புரியாது. நாங்க விக்கிறது என்ன? பாலு. பாலுக்குள்ள கிருமி. நல்ல கிருமி தம்பி! மூஞ்சியச் சுளிக்காதீங்க, வயித்துக்கு அவ்ளோ நல்லது. இந்தாங்க, பாட்டிலப் படிங்க. "ஆயிரம் கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள்." அந்த 'உயிருள்ள' இருக்கு பாருங்க, அதுதான் சனியன். வெறும் ஆயிரம் கோடின்னு போட்டிருந்தா இந்தக் கூத்தே இல்ல. எவன் அந்த வார்த்தையச் சேத்தானோ... நான்தான் சேத்தேன். படிக்க நல்லா இருந்துச்சு.

முன்னாடியெல்லாம் தட்டுலதான் எண்ணுவோம். பானத்துல தண்ணி கலந்து, ஒரு துளி தட்டுல தடவி, சூட்டுப் பெட்டிக்குள்ள வெச்சுருவா அந்தப் பொண்ணு. உயிரோட இருக்கறது ஒவ்வொண்ணும் பெருகிப் புள்ளியா எழும்பும். புள்ளிய எண்ணினா முடிஞ்சுது. ஆனா மூணு நாளு! அதுக்குள்ள லாரி போய்ச் சேந்து, பாட்டில் வித்து, குடிச்சவன் மறந்தே போயிருப்பான். அப்பறம் உங்க மெஷின் வந்துச்சு. இது கிருமிய எண்ணாது, கிருமியோட டிஎன்ஏவ எண்ணும். ரெண்டு மணி நேரத்துல விடை! ஆயிரம் கோடிக்கு மேல காட்டுச்சு. கேக் வெட்டினோம் தம்பி நாங்க. அந்த நம்பரக் கேக்கு மேல க்ரீம்ல எழுதச் சொன்னா, எடம் பத்தாம கடைசி ரெண்டு சைபர் அட்டையில எறங்கிப் போச்சு. அந்த ரெண்டையும் எங்க வாட்ச்மேன் வழிச்சுத் தின்னாரு.

அப்படிச் சந்தோஷமா இருக்கறப்ப அந்த மகராசி வந்து நிக்கறா. "மேடம், இது செத்ததையும் சேத்து எண்ணுது." செத்த கிருமிக்கும் டிஎன்ஏ இருக்குமாம். இருந்துட்டுப் போவுதே! வோட்டர் லிஸ்ட்டுல செத்தவங்க பேரு இல்லியா? எங்க தெருவுல செத்தவங்கதான் ஒழுங்கா, காலையில மொத ஆளா வந்து வோட்டுப் போட்டுட்டுப் போறாங்க. உயிரோட இருக்கறவந்தான் வீட்டுல ஒக்காந்து நாட்டக் கொற சொல்றான்.

கேக்க மாட்டேன்னுட்டா. சிவப்பா ஒரு சாயம் வாங்கிக் குடுங்கன்னா. அந்தச் சாயம் என்ன பண்ணுமாம், உயிரோட இருக்கற கிருமி கதவச் சாத்தி வெச்சிருக்கும், அதுக்குள்ள போவாது. செத்த கிருமிக்குச் சுவரு ஒடஞ்சு கெடக்கும், அதுக்குள்ள பூந்து டிஎன்ஏவப் புடிச்சுக்கும். மேல வெளிச்சம் அடிச்சா அப்படியே ஒட்டிக்கும். அப்பறம் மெஷின் கண்ணுக்குச் செத்தது தெரியாது, இருக்கறது மட்டும்தான் கணக்கு. உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னா முன்னாடியே சொல்றதுதான, எனக்குத் தொண்டத் தண்ணியாவது மிச்சம்.

சரி, வாங்கிக் குடுத்தேன். மொதத் தடவ போட்டப்ப எண்ணூறு கோடி உயிரோட இருந்துச்சு. அவளே சிரிச்சா. எண்ணூறத் தள்ளி ஆயிரம்னு வெச்சுக்கலாம்மான்னேன். அப்ப மட்டும் சிரிப்பு நின்னுபோச்சு. அது போவட்டும். அப்பறம் திடீர்னு ஒரு நாளு, சாயம் போட்டா ஒண்ணுமே இல்ல! ஆயிரம் எங்க, கோடி எங்க? மெஷின் தேடித் தேடிப் பாத்துட்டு, கடைசியில போனாப் போவுதுன்னு ஏதோ கொஞ்சம் காட்டுது. சாயம் போடாமப் பாத்தா? ஆயிரம் கோடி! அப்படியே! ஒண்ணு கொறையல! அப்ப யாரு மேல தப்பு? சாயத்து மேலதான?

"தட்டுலயும் எழும்பல மேடம்"ங்கறா. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, நானும் படிக்கிறவதான். சில கிருமி உயிரோடதான் இருக்குமாம், ஆனா தட்டுல வெச்சா எந்திரிக்காதாம். ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு மாதிரி. ஞாயித்துக்கெழம சோபாவுல விழுந்தாருன்னா, மூணு நாளு சூட்டுப் பெட்டியில வெச்சாலும் ஒரு புள்ளி எழும்பாது. அதுக்காக அவரு செத்துட்டாருன்னு எழுதிருவீங்களா? மூச்சு வருது. காப்பி கேக்கறாரு.

அப்ப பாருங்க, மூணு வெதமாக் கேட்டாச்சு. தட்டு செத்துருச்சுங்குது. சாயம் செத்துருச்சுங்குது. வெறும் மெஷின் ஆயிரம் கோடியும் இருக்குங்குது. மூணுல ஒண்ணு நல்ல சேதி சொல்லும்போது அதத்தான நம்பணும்? மனுஷங்கதான நாம?

நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வர்றாரு தம்பி. அதான் இவ்ளோ அவசரம். கடுமையான மருந்தெல்லாம் சாப்ட்டு, வயித்துல இருந்த நல்ல கிருமியெல்லாம் போயி, வார்டுல சுருண்டு கெடக்கறவங்களுக்கு நம்ம பாட்டிலக் குடுக்கப் போறாங்க. அவருக்கு லேப் கையெழுத்து வேணும். அவ போட மாட்டேங்கறா. "நோயாளிங்க குடிக்கறது மேடம். சாயம் போட்ட நம்பருக்குன்னா போடறேன்"ங்கறா. எதுக்கு இந்த வீரம்? கூடப் பொறந்தவனப் படிக்க வெக்கிறது இவ சம்பளந்தானாம். நான் என்ன ராட்சசியா? எனக்கு மட்டும் அவள அனுப்ப ஆசையா? அதுக்குத்தான சொல்றேன், மெஷின நல்லாப் பாருங்கன்னு.

இப்படியெல்லாம் நான் தலவலின்னு ஒக்காந்ததே கெடையாது தம்பி. முன்னாடி எனக்கிருந்த ஒரே தலவலி புளிப்பு. கடைக்காரனுங்க ராத்திரி ஃப்ரிட்ஜ அணைச்சுட்டுப் போயிருவானுங்க. பாட்டிலு பாட்டுக்குப் புளிச்சுக்கிட்டே போவும். ஒருத்தர் போன் பண்ணி, இதக் குடிச்சதுலேருந்து எங்க மாமியார் பேசறதே இல்லன்னாரு. நன்றி சொல்றாரா திட்டறாரான்னே தெரியல. அப்ப நான் பண்ணினேன் பாருங்க ஒரு யோசன! எந்த என்ஜினியருக்கும் தோணல. பாய்லர்காரரக் கூப்ட்டேன். "அண்ணே, பாட்டில்ல ஊத்தறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் லேசா ஒரு சூடு காட்டிருங்க." அவ்ளோதான்! புளிப்பு நின்னுபோச்சு! மூணு வாரமா ஒரு போன் இல்ல. முதலாளி எல்லார் முன்னாடியும் எங்கையப் புடிச்சுக் குலுக்கினாரு.

ஏன் கைவேலைய நிறுத்திட்டீங்க?

எவ்ளோ சூடா? லேசாத்தான். எழுபத்தஞ்சு டிகிரி. கொதிக்கவே விடல தம்பி, கொதிச்சாத்தான எதுவும் சாவும்!

அவளுக்குத் தெரியுமாவா? அவளுக்கு எதுக்குத் தெரியணும்? அவ லேப்பு, இது ஃபேக்டரி. சாம்பிள் வரும், எண்ணணும். அவ்ளோதான் அவ வேல.

எண்ணிக்க எப்பலேருந்து கொறஞ்சுதுன்னா... ஒரு மூணு வாரமாத்தான் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

எங்க வீட்டுலயா? ஆமா, நான்தான் தயிருக்கு உறை ஊத்துவேன். வீட்டுக்காரரா ஊத்தப் போறாரு? பாலக் காய்ச்சி... காய்ச்சின ஒடனேயா? என்ன தம்பி, கல்யாணம் ஆவலியா உங்களுக்கு! கொதிக்கக் கொதிக்க உறை ஊத்தினா எப்படித் தோயும்? வெரல விட்டுப் பாக்கணும், வெரல் தாங்கற சூட்டுலதான் ஊத்தணும். அதுக்கு மேல சூடா இருந்தா உறையில இருக்கறதெல்லாம் செத்து...

சரி. இருங்க. அந்தக் கதவ நல்லாச் சாத்துங்க மொதல்ல. பாய்லர்காரரு சொல்லியிருக்கணுமா இல்லியா? இத்தன வருஷ சர்வீசு, "வேணாம்மா"ன்னு ஒரு வார்த்த வந்துச்சா அந்த வாயிலேருந்து? டீ எங்கம்மான்னுதான் கேட்டாரு. தம்பி, ஒண்ணு பண்ணுங்க. மெஷின்ல கோளாறுன்னு எழுதிருங்க. மெஷினுக்கு என்ன, மானமா மரியாதையா? அந்தப் பொண்ணுக்கும் வேல போவாது, எனக்கும்... எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும் புண்ணியம்.

என்ன எழுதறீங்க? 'மெஷின் சரியாக உள்ளது'... ஐயோ, அடிச்சிருங்க அத! கீழ என்ன? 'சாம்பிள் முன்பே சூடாக்கப்பட்டுள்ளது'... யாரு சொல்லிச் சூடாக்கினதுன்னு போடலயே? போடல. நல்ல பிள்ள நீங்க. அதக் கிழிச்சு எங்கையில குடுத்துட்டு... தம்பி, வெளிய போற வழி இந்தப் பக்கம்! அது லேபுக்குப் போற கதவு! அவகிட்ட எதுக்குக் காட்டறீங்க? தம்பி! உங்களுக்கு டீ சொல்லியிருக்கேன் தம்பி...

*

அறைத்தோழன் பேசிக் காட்டியது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு கடையில் அந்தப் பாட்டிலைப் பார்த்து வாங்கினேன். அதில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்து, "இதில் இருப்பதெல்லாம் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டேன். லேபுக்கு மாற்றிவிட்டார்கள். எடுத்தது ஓர் இளம்பெண். பாட்டிலில் உள்ள தேதியைக் கேட்டாள். சொன்னேன்.

"அது வேணாம்ங்க, கடையில திருப்பிக் குடுத்துருங்க. வெறும் பால்தான் அது. இந்த வாரம் வந்தது வாங்குங்க, கொஞ்சம் புளிக்கும்" என்றாள்.