படுத்துப் பார்த்த படம்

பீளமேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“அது தியேட்டரே இல்லீங்கக்கா, ஆஸ்பத்திரி,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“ஏன் அம்மணி?” என்றாள் மூத்தவள்.

“பின்னென்னங்க? கட்டிலாட்ட சீட்டு, போத்திக்கக் கம்பளி, ஆளக் கூப்பிட பட்டன். அமுக்குனா யூனிபாரத்துல ஒருத்தரு ஓடியாராரு. பையன் ஆசையாக் கூட்டிட்டுப் போனானேன்னு கம்முனு படுத்திருந்தனுங்க. எங்கூட்டுக்காரரு பக்கத்துச் சீட்டுன்னு பேரு, எங்கியோ கெடக்கறாரு. சிரிப்பு வந்தா தட்டிச் சிரிக்கக்கூடக் கை எட்டலீங்க.”

“படம் எப்படி?”

“அவரு கொறட்டைல வசனமே கேக்கலீங்க.”

மூத்தவள் உச்சுக்கொட்டினாள்.

“ஒரு போன் போட்டிருந்தா ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருப்பேனே அம்மணி.”