கடைசி லாரியின் கொடி

மணலில் இறங்குவதற்கு முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் தொப்பை போட்டால்தான் வண்டி புதையாமல் போகும். இந்தச் சின்ன விஷயம் தெரியாத பெரிய மனிதர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். நாற்பத்திரண்டு வயதில் கற்ற எழுத்து. கோணலாக இருக்கும், பொய்யாக இருக்காது.

பாலைவனத்திலும் மலையிலும் ஜீப்பில் ஊர்வலம் போகிறவர்களுக்குப் பின்னால் வருகிற கடைசி லாரி என்னுடையது. தண்ணீர் கேன், மண்வெட்டி, இழுவைக் கயிறு எல்லாம் அதில்தான். முன்னால் போகிற வழிகாட்டி, திரும்ப வேண்டிய இடங்களில் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே போவார். எல்லா ஜீப்பும் தாண்டிய பிறகு நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அதுதான் வேலை.

ஜீப்பில் வருகிறவர்களில் அந்தக் கூலிங்கிளாஸ்காரர் பதினோரு தடவை வந்தார், முப்பது தடவை புதைந்தார். புதைந்ததும் வயர்லெஸ்ஸில், "அந்த மண்வெட்டிய அனுப்புப்பா" என்பார். மண்வெட்டி என்றால் நான். நான் சக்கரத்தடியில் குப்புறப் படுத்து மணல் வாருவேன். அவர் பானெட்டில் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். மீசையில் மட்டும் கொஞ்சம் மணல் பூசிக்கொள்வார். பாடுபட்ட மாதிரி தெரிய வேண்டுமே.

கடைசியாக வந்த அன்று காலை சொன்னார்: "வழி கண்டுபிடிக்கிறதெல்லாம் ரத்தத்துல இருக்கணும், மண்வெட்டி. கொடியெல்லாம் குழந்தைப் பிள்ளைங்களுக்கு."

"சரிங்க சார்" என்றேன். நான் யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

அவர் மனைவி தங்கமானவர் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு முதல் நோட்டும் பென்சிலும் வாங்கித் தந்தது அந்த அம்மாதான். என்னை நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது.

மத்தியானம் ஒரு மணல்மேட்டில் அவர் போட்டோவுக்காக நின்றுவிட்டார். "நீ போய்யா, நான் வந்துருவேன்" என்று கையை ஆட்டினார். நான் நிற்க வேண்டும். போய்விட்டேன்.

அடுத்துப் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் மலைப்பாதை, கூடாரத்துக்குப் போகும். இடது பக்கம் காய்ந்த ஆறு. மணல் மாவு மாதிரி இருக்கும். இறங்கினால் ஏற முடியாது, வயர்லெஸ்ஸும் எடுக்காது.

கூடாரத்தில் வழிகாட்டி கேட்டார்: "எல்லாரும் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுண்ணே. கூலிங்கிளாஸ் சாருக்கு அலுத்துப்போச்சாம், அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டாரு."

"சொல்லிக்காம ஓடுறது அவருக்குப் புதுசா என்ன" என்று சிரித்தார். கடைசி லாரி சொல்லிவிட்டால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்காம் நாள்தான் தேடினார்கள். ஜீப்பில் மூன்று கேமராவும் காலி ஐஸ்பெட்டியும் இருந்ததாம். தண்ணீர் என் லாரியில் இருந்தது. மிச்சத்தில் நான் லாரியைக் கழுவினேன்.

கொடி பத்து, லாரியில் ஒன்பது என்கிறீர்கள். பத்தாவது, காய்ந்த ஆற்றில் இறங்குகிற இடத்தில் நின்றது. வலது பக்கம் இருந்ததைப் பிடுங்கி அங்கே நட்டது நான்தான். கொடியே வேண்டாம் என்றவர், கொடியைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சமர்த்தாகத் திரும்பினார். அதைப் பார்க்கத்தான் அங்கே நின்றேன், வேறு எண்ணமில்லை. பார்த்த திருப்தியில் கொடியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் நான் பிடுங்க மறந்த ஒரே கொடி. தப்பு என்றால் அதுதான் என் தப்பு.

அந்த அம்மாவும் உள்ளே இருந்தது தெரியுமா என்று மூன்று தடவை கேட்டீர்கள். ஜீப்பின் கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது, தெரியவில்லை என்று மூன்று தடவையும் வாயால் சொன்னேன். எழுதும்போது அப்படி வரமாட்டேன் என்கிறது.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இந்தப் பக்கந்தானே?" என்று கேட்டது.

"ஆமாம்மா, நேராப் போங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.