குணேஸ்வரியின் அரை மணி நேரம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஃபேன் ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போவேன். ஒருவர் வீட்டு நாற்காலியில் ஏறி நின்று ஃபேனைக் கழற்றும்போது, அந்த வீட்டில் நமக்கு ஏதோ உரிமை இருப்பது போல் ஒரு நினைப்பு வரும். சிவசம்பு ஐயா வீட்டில் எனக்கு அப்படித்தான் வந்தது.

ஐயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டு முன்னறையில் திருமணத் தகவல் நிலையம் நடத்தினார். ஜாதகம் கணிக்கவும் பொருத்தம் பார்க்கவும் தொண்ணூற்றாறில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தேன். லினக்ஸ் போட்டேன். அதன் உள்ளும் புறமும் தெரிந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமைகளில் அவர் மகள் குணேஸ்வரி வந்து விவரங்களைத் தட்டச்சு செய்வாள். வார நாட்களில் அரசாங்க வேலை. என்னை "அண்ணே" என்பாள். இந்த ஊரில் பெட்ரோல் ஊற்றுபவரும் அண்ணேதான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐயாவோ, "பக்கிரிசாமித் தம்பி, நீர் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி," என்பார். 'மாதிரி' என்ற சொல் எவ்வளவு உயரமான வேலி என்பதை, காப்பார் ரப்பர் தோட்டத்தில் பிறந்த நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் முத்துக்குமாரு வந்தான். கிள்ளானில் பல் டாக்டர், அவர்களைப் போலவே யாழ்ப்பாணத்து ஆள். அவனுக்கும் குணேஸ்வரிக்கும் ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போயிருந்தது. ஜாதகம் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நல்லவன்தான், என் நகைச்சுவைக்குச் சிரிக்காததைத் தவிர அவன்மேல் எனக்குக் குறை இல்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மனம் துணியும்வரை.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமடி. எந்தப் புரோகிராமுக்கும் ஒரு ஃபைல் வேண்டுமென்றால் அதனிடம்தான் கைநீட்ட வேண்டும். அது எடுத்துக் கொடுப்பதை எல்லோரும் நம்புவார்கள். வழியில் அது என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனுள் செருகும் துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். நான் ஒரு மாட்யூல் எழுதினேன். ஜாதகப் புரோகிராம் குணேஸ்வரியின் ஃபைலைக் கேட்டால் மட்டும், என் மாட்யூல் முந்திக்கொண்டு அதை வாசித்து, பிறந்த நேரத்தில் அரை மணி கூட்டிக் கொடுக்கும். மனிதர்கள் திறந்து பார்த்தால் உண்மையான நேரமே தெரியும். ஃபைலை நான் தொடவே இல்லை.

சொல்வதற்கு இரண்டு வரி, செய்வதற்கு ஒரு மழைக்காலம் போயிற்று. கெர்னலுக்குள்ளிருந்து ஃபைலைத் திறக்காதே என்று இன்டர்நெட்டில் பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. ஃபைல் கேட்கிறவன் வெளியிலிருந்து வருவான் என்றே அங்கே எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளேயே இருப்பவன் கைநீட்டினால், அது தன் கையையே திருடன் கை என்று தட்டிவிடும். கொஞ்ச நேரம் அந்தக் காவலைத் தளர்த்தி, வாசித்ததும் மறக்காமல் பழையபடி இறுக்க வேண்டும். நான் மறந்தேன். மறுபடியும் மறந்தேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் மரம் போல் நின்றது. எரிச்சலில் கீபோர்டால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ன தம்பி, உம்மட பெட்டி திரும்பவும் படுத்திட்டுதோ? நிலக்கரி எஞ்சின்கூட இவ்வளவு நிண்டதில்லை."

"அதுக்கும் வயசாகுது ஐயா."

"போன வருஷம்தானே வாங்கினது?"

கடைசியில் ஓடியது. குணேஸ்வரியின் லக்கினம் ஒரு ராசி நகர்ந்தது. ஒன்பதில் இருந்த செவ்வாய் எட்டில் வந்து உட்கார்ந்தது. செவ்வாய் தோஷம், அதுவும் மாங்கல்ய ஸ்தானத்தில். ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையால் எழுதிய பழைய குறிப்பில் தோஷமே இல்லை என்றார்.

"எண்பத்திரண்டுல கவர்மென்ட் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளுச்சே ஐயா. அதுக்கு முந்திப் பொறந்தவங்க ஜாதகத்துல எல்லாம் அந்தக் கொழப்பம் இருக்கு. எழுதினவர் எந்த மணியப் பாத்தாரோ? கம்ப்யூட்டர் அதயெல்லாம் சரியாப் பாத்துரும்."

கால அட்டவணையோடு வாழ்ந்தவர், யோசித்தார். பிறகு, "ஓம், அந்தச் சாத்திரியார் மணிக்கூடே கட்டாத மனுசன்," என்றார்.

முத்துக்குமாருவின் அம்மா கனகேஸ்வரி வந்து கண்ணீரோடு சொன்னார்: "பிள்ளையில குறை சொல்லேல்லை. எனக்கு இருக்கிறது ஒரு மகன்." தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் தங்கமாட்டான் என்பது நம்பிக்கை.

பரிகாரம் சொன்னார்கள். பெண் முதலில் வாழை மரத்துக்கு வாழ்க்கைப்பட வேண்டும், மரத்தை வெட்டிவிட்டால் தோஷம் அதோடு போகும். மரம் எங்கே கிடைக்கும் என்று ஐயா தவித்தார். மனம் கேட்காமல் காப்பாரிலிருந்து நானே மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என்னைவிடச் சற்று உயரம். வெட்ட யாருக்கும் கை வரவில்லை, என்னிடம் கத்தியைக் கொடுத்தார்கள். ஒரே வெட்டு. அவள் தாலியைக் கழற்றித் தலைமுழுகி வந்தபோது ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தியைக் கழுவி வைத்தேன்.

அதற்கும் கனகேஸ்வரி இறங்கவில்லை. ஆனால் முத்துக்குமாரு தனியாக வந்தான். முன்னறையில் நான் பிரிண்டருக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஜாதகம் வேணாம், குணா. ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் லா. நான் ரெடி."

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவன் கார் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அவர் நல்லா இருக்கணும் அண்ணே. எனக்கு ஆசைதான். ஆனா என்னால அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டாள்.

மாட்யூலைக் கழற்ற ஒரு வரிக் கட்டளை போதும். கீபோர்டு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அவளுக்கு ஒரு ஜோக் சொன்னேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அதனால் கட்டளை தேவைப்படவில்லை.

முத்துக்குமாரு ஈப்போவில் பெண் எடுத்தான். பிறகு வந்த வரன்களும் அதே எட்டாம் இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பின. அவள் செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தாள், மெலிந்தாள், கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். நான் தவறாமல் சனிக்கிழமை போனேன். சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் வரவில்லை. அந்தக் காலம் எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற பயத்தில், ஐயா பங்சாரிலிருந்து மார்க்கிரட் என்ற இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னார். இன்று காலை மார்க்கிரட் என்னை வரவழைத்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"மிஸ்டர் பக்கிரி, குணேஸ்வரியோட ஃபைல் ஓகே. புரோகிராம் ஓகே. என் லேப்டாப்ல ஓட்டினா தோஷம் இல்ல. இதுல ஓட்டினா இருக்கு. நடுவுல யார் உக்காந்திருக்கா?"

"நான்தான்," என்றேன். இங்கே சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். பாதியிலேயே அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"மனுஷன்தானா நீங்க? அந்தப் பொண்ணு ஒரு மரத்துக்குக் கழுத்த நீட்டியிருக்கு."

அவர் முன்னாலேயே மாட்யூலைக் கழற்றினேன். செவ்வாய் ஒன்பதுக்குப் போனது. அவர் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் என் ஜாதகத்தையும் அவளுடையதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

"சாயங்காலம் அவங்க வருவாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றார் மார்க்கிரட்.

நானே சொல்கிறேன் என்றேன். முதலில் கோபப்படுவாள், அது நியாயம்தான். பிறகு ஆற அமர யோசிப்பாள். வந்தவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள், இத்தனை காலம் அவளை விட்டுப் போகாமல் கூடவே இருந்தவன் நான் ஒருவன்தானே.