மலையில் எட்டு, கீழே பதின்மூன்று

குன்னூரில் துவரம்பருப்பு வேக, கோயம்புத்தூரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக வைக்க வேண்டும். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இது புரிவதில்லை. குக்கர் கெட்டுப்போச்சு, வாஷர் போச்சு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். என் மனைவி பிலோமி இன்னும் இரண்டு விசில் விடுவாள். மலைமேல் காற்று லேசு, அவ்வளவுதான் விஷயம். இது ஒன்று புரிந்தால் நான் எழுதப்போகும் எல்லாமே உங்களுக்குப் புரிந்துவிடும், மேடம்.

நீங்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். நாற்காலி போட்டீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நேற்று நீங்கள் நீட்டிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மறுத்தது உங்கள் ஏட்டுக்குத்தான் எரிச்சலாகிவிட்டது. "போட்டுட்டு ஊட்டுக்குப் போங்க பெரியவரே, பெயில்ல வந்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அந்த அறிக்கையில் தப்பு இருக்கிறது. தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

என் பெயர் ஞானசீலன், வயது ஐம்பத்தெட்டு. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பறித்து வந்த தேயிலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். அந்தக் காற்று என் பொறுப்பு. கூடினால் இலை மொறுமொறுவென்று காய்ந்துவிடும், குறைந்தால் புழுங்கிப்போகும். நான் தொட்டிக்கு மேலே உள்ளங்கையை நீட்டி அளவு சொல்வேன். மானேஜர் கருவி வைத்துப் பார்ப்பார், நான் சொன்னதுதான் இருக்கும். காத்து ஞானசீலன் என்றால் அந்தப் பக்கம் இன்றைக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்ட பிறகு குன்னூரில் ஒர்க்‌ஷாப் போட்டேன். பெனிஸ் என் மனைவியின் தம்பி. அவளுக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கல்யாணமாகவில்லை. பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி அதன்மேல் உயிரையே வைத்திருந்தான். சனி ஞாயிறு வந்தால் என் ஒர்க்‌ஷாப்பில்தான் குடியிருப்பான். அந்தக் காருக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தியது நான். வேறொன்றுமில்லை, எஞ்சினின் பெல்ட்டிலேயே சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் ஒரு சாமான். காற்று கூடினால் வேகம் கூடும். எட்டு பவுண்டு அழுத்தம் வருகிற மாதிரி அமைத்தேன். அந்த எஞ்சின் பத்து வரைக்கும் தாங்கும். எட்டு என்று எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். குழாயில் கை வைத்தால் தெரியும் என்றேன்.

அதற்கு அடுத்த மாதம் அவன் ஒரு சென்சார் வாங்கிவந்தான். கட்டைவிரல் அளவு, கறுப்பு நிறம், மூன்று ஒயர். கூடவே ஒரு சின்னப் பெட்டி. அழுத்தம் எவ்வளவு என்பதை நொடிக்கு இருபது தடவை அந்தப் பெட்டி எழுதிவைத்துக்கொள்ளும். ஃபோனில் கோடாகப் பார்க்கலாம். இருக்கிற குழாயை வெட்டி நடுவில் சொருகுகிறவர்கள் உண்டு, அது சோம்பேறி வேலை. நான் எஞ்சினில் தனியாகத் துளை போட்டு, திருகு மரை வெட்டி, சொட்டுக் காற்று கசியாமல் பொருத்தினேன். அந்தச் சென்சாரில் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் நிபுணரே எழுதியிருக்கிறார். அது என் வேலை.

வண்டியை மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஐந்துதான் காட்டியது.

"எட்டுன்னீங்க, அஞ்சுதானுங்க மாமா வருது" என்றான். மறுநாள் மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியில் அந்த ஃபோனை இலைக்கு இலை நீட்டிக் காட்டினான். மாமா கை எட்டு என்கிறது, மெஷின் அஞ்சு என்கிறது, கைக்கு வயசாகிவிட்டது போலிருக்கிறது என்றான். பந்தியே சிரித்தது. பிலோமி ரசவாளியோடு வந்துகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். தம்பி பேசினால் அவள் எதற்கும் சிரிப்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு நாள் அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

பெனிஸ் காரை என்னிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போயிருந்தான். திங்கட்கிழமை சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் அந்தப் பெட்டி காட்டும் எண்ணைப் பார்த்தேன். ஓடாத எஞ்சினுக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும். அது மைனஸ் மூன்று காட்டியது. எனக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை, மேடம். அந்தச் சென்சாரின் பூஜ்யம் கடற்கரைக்கு வைத்த பூஜ்யம். குன்னூர்க் காற்று அதைவிட மூன்று பவுண்டு லேசு. எட்டில் மூன்று போனால் ஐந்து. என் கையும் சரி, மெஷினும் சரி.

இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஃபோனை எடுத்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் அந்தக் கோட்டைப் போட்டு, 'மாமாவோட எட்டு' என்று எழுதியிருந்தான். கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். பிறகு அவனுக்கு, மெஷினில் எட்டு காட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டு அனுப்பினேன். ஆமாங்க மாமா, எட்டு வந்தா ஒத்துக்கறேன் என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் என் ஃபோனில் இருக்கிறது. அவன் கேட்டதைத்தான் நான் செய்தேன் என்பதற்கு அது சாட்சி.

சூப்பர்சார்ஜரின் பெல்ட் சக்கரத்தைக் கழற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்று கடைந்து மாட்டினேன். சக்கரம் சின்னதானால் உள்ளே வேகமாகச் சுழலும், காற்றை இன்னும் அமுக்கும். லேசான மலைக்காற்றை அமுக்கி எட்டு காட்டுகிற வண்டி, கனத்த காற்றுள்ள சமவெளிக்கு இறங்கினால் எவ்வளவு காட்டும்? மாட்டுவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டேன். பதின்மூன்றரை வந்தது. எஞ்சின் தாங்குவது பத்து என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பத்தைத் தாண்டினால் கத்துவதற்கு அந்தப் பெட்டியில் ஒரு மணி இருந்தது. அதை நிறுத்திவைத்தேன். எட்டுக்கு மேலே போகாத வண்டிக்கு அது எதற்கு?

மறுவாரச் சனிக்கிழமை பெனிஸ் வந்து ஓட்டிப் பார்த்தான். மேட்டில் சரியாக எட்டு. 'மாமா பாஸாயிட்டாரு' என்று குரூப்பில் போட்டான். கம்ப்யூட்டர் தட்டுகிற பையன் எனக்குப் பாஸ் போடுகிறான். அப்போதும் எனக்குக் கோபம் இல்லை, மேடம். மலையில் மெஷின் எழுதுகிற கோடு சுத்தமாக இருக்காது என்று அவனுக்கு விளக்கிச் சொன்னேன். "காரமடை தாண்டினா நேர் ரோடு. மூணாவது கியர்ல போட்டு, கால எடுக்காம மிதி. அப்பத்தான் கோடு நல்லா வரும்" என்றேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். சந்தோஷத்தில் என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டான்.

மலை இறக்கத்தில் யாரும் மிதிக்க மாட்டார்கள், பிரேக்கில்தான் கால் இருக்கும். அதனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். கீழே, நேர் ரோட்டில்தான் ஆகும். எஞ்சின் வெடிக்கும், நடுரோட்டில் நிற்பான், மாமா என்ன செய்யறது என்று என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். இதைத்தான் உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. எஞ்சினுக்குள்ளிருந்து இரும்பு தெறித்தால் ஆயில் பின்னால்தான் கொட்டும், கொட்டினால் சொந்தச் சக்கரமே அதில் ஏறும். நூற்றுமுப்பதில் போகிற வண்டிக்கு அப்புறம் என்ன ஆகும் என்பது மெக்கானிக்காக இருக்கிற எவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பெனிஸ் கிளம்பினான். பிலோமிக்குப் புதன்கிழமை கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தது. திடீரென்று பையோடு வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, தம்பி கூடவே போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்தர்றனுங்க. பஸ்ல எனக்கு வாந்தி வருதுங்க" என்றாள். பதினோரு நாள் முடிந்து அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தோம்.

அவள் உள்ளே போய் ஸ்வெட்டர் எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் நான் காருக்குப் பக்கத்திலேயேதான் நின்றேன். நிறுத்துவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பெனிஸ் பழைய சக்கரத்தையே மாட்டச் சொல்லுவான், மாமா தப்பு பண்ணிட்டாரு, நல்லவேளை கண்டுபிடிச்சோம் என்று ஊரெல்லாம் சொல்லுவான். வேறு ஏதாவது சாக்குச் சொல்லி அவளை மட்டும் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உடம்பு சரியில்லை, கூட இரு என்றால் இருந்திருப்பாள். ஆனால் நான் பொய் சொல்வதில்லை.

ஒன்பதே காலுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெனிஸ் அங்கேயே போய்விட்டான். புளியமரத்தில் இடித்தது வலதுபக்கம் என்பதால் பிலோமிக்கு அடி கொஞ்சம் குறைவு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போனாள். ஒரு தடவை கண்ணைத் திறந்து, தம்பி எப்படி இருக்கான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

அந்தப் பெட்டி மட்டும் உடையாமல் கிடைத்தது. அதிலிருந்த கோட்டை நீங்கள் அச்செடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள், தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தீர்கள். நான் உச்சி எண்ணைத்தான் தேடினேன். பதின்மூன்று புள்ளி நாலு. என் கணக்குக்கும் அதற்கும் ஒரு பவுண்டில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அன்று கீழே வெயில் கொஞ்சம் அதிகம், சூட்டில் காற்று லேசாகும். அந்த வெயிலையும் சேர்த்திருந்தால் அச்சாக வந்திருக்கும்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். மலைப்பகுதி மெக்கானிக்கான ஞானசீலனுக்குக் கடல்மட்டக் காற்றழுத்த வித்தியாசம் பற்றிய அறிவு இல்லை, அதனால் தெரியாமல் இந்தப் பிழையைச் செய்துவிட்டார் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். நேற்று அதை மூன்று தடவை படித்தேன். தெரியாமல் என்ற அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். தண்டனை எவ்வளவு கூடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெண்டாட்டியையும் மச்சினனையும் பறிகொடுத்த பாவம் என்று ஏட்டு வருத்தப்பட்டார். வருத்தப்பட வேண்டியதில்லை. மனச்சாட்சி உறுத்தித்தான் உண்மையை எழுதுகிறேன்.

அதே அறிக்கையில் நாலாவது பத்தியும் தப்பு. தன் மனைவியையே அதே வண்டியில் அனுப்பியிருப்பதால் ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று இருக்கிறது. அந்த வண்டியின் இடதுபக்கக் கதவு சும்மா சாத்தினால் பிடிக்காது, கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். பிலோமி உள்ளே உட்கார்ந்துகொண்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள். நான் போய்க் கதவை முழுக்கத் திறந்து, வெளியே தொங்கிய அவள் சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்துவிட்டு, தூக்கிச் சாத்தினேன். ஒரே தடவையில் பிடித்தது.