ஆறாம் மாடியின் வரிசை

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். ஆறாம் மாடி வார்டின் பணி அட்டவணையைப் பதினோரு வருடமாக நான் கையால்தான் எழுதினேன். கணினியில் போடலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கு மாமியார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்கு இடுப்பு பிடித்திருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினான்கு நர்ஸுகள், பதினான்கு பேர் வீட்டுக் கதையும் எனக்கு அத்துப்படி.

நீங்கள் தொழிலாளர் நலத்துறை அதிகாரி, அதுவும் ஒரு பெண். என் இளவயதில் உங்கள் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் தலைமை நர்ஸாக இருந்தவர், ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "எப்பப் போற?" எந்தத் தேதியில் வேலையை விடுகிறாய் என்று அர்த்தம். நம் கொரியாவில், இந்தக் குன்சான் நகரத்தில் அப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். சட்டம் வேறு மாதிரி சொன்னது. சட்டம் வந்து நோயாளிக்கு ஊசி போடுமா? நான் பொறுப்பேற்ற வருடமே அந்தக் கேள்வியை நிறுத்தினேன். பிள்ளை பெற்றதற்காக என் வார்டில் ஒருத்தியும் வேலையை இழக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பதினோரு வருடத்தில் ஒருத்தியும் இழக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரு வருடம் நான்கு பேர் ஒன்றாக விடுப்பில் போனார்கள். மாற்று ஆள் கேட்டேன், மேலிடம் தரவில்லை. மீதிப் பத்துப் பேரும் நாய் படாத பாடு பட்டார்கள். ஒருத்தி மருந்து வண்டியின் மேலேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் வரிசை வந்தது.

வருடா வருடம் ஜனவரி முதல் திங்கட்கிழமை. தொண்டை பார்க்கும்போது நாக்கை அழுத்துவோமே, அந்த மரக்குச்சிகளில் எண் எழுதிக் காகிதக் கோப்பையில் போடுவேன். பிள்ளை வேண்டுமென்று இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் சுமக்கலாம். முறை வந்தவளுக்கு எட்டு மாத அவகாசம். அதற்குள் கரு நிற்கவில்லை என்றால் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்பவர்கள் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். அவர்கள் சுளிக்கவில்லை. நாஹி என்று ஒரு சின்னப் பெண், அவளுக்கு ஏழாம் எண் வந்த அன்று இன்னொரு நர்ஸ் இன்யங் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏழா? உன் முறை வர்றதுக்குள்ள உன் வீட்டுக்காரருக்குத் தலையில ஒரு முடி மிஞ்சாதுடி."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம். பொறக்கிற பிள்ளை அவரைத் தாத்தான்னு கூப்பிடாம இருந்தா சரி."

இப்படித்தான் இருந்தது எங்கள் வார்டு. இன்யங் இரண்டாம் எண். சரியான நேரத்தில் உண்டானாள். அவளுக்கு நாங்கள் கேக் வெட்டினோம்.

யேசொலைப் பற்றி விசாரிக்கத்தானே நீங்கள் வந்தது. அதற்கு வருகிறேன்.

யேசொலுக்கு முப்பத்தேழு வயது. என்னிடம் வேலை பார்த்தவர்களில் அவளைப் போல ஒருத்தி கிடையாது. நோயாளியின் போர்வையைத் தொட்டே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பிறகு இந்த மாடி அவளுக்குத்தான் என்று நினைத்து வைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் முறை வந்தது. எட்டு மாதமும் போனது. நிற்கவில்லை. "பரவால்ல மேடம், பின்னாடி போயிடுறேன்" என்று சிரித்தபடியே கடைசிக்குப் போனாள். போன ஜனவரியில் அவள் எடுத்தது ஆறாம் எண். ஆறு என்றால் எப்படியும் நாற்பதைத் தொட்டுவிடுவாள். எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்ன? தெரிந்தும் குச்சிகளைத் திரும்பக் கோப்பையில் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் நிர்வாகத்தின் தலைவர் குவாக் என்னைக் கூப்பிட்டார். டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குப் புதிய துணை இயக்குநர். அந்த நாற்காலியில் இதுவரை பெண் உட்கார்ந்ததே இல்லை. என் பெயர் பட்டியலில் இருந்தது.

"பொம்பளைங்க வார்டுன்னாலே இதான் தொல்லை" என்றார் அவர். "ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா பின்னாலயே இன்னொருத்தி. உங்க மாடி ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு, ஓக் மேடம். டிசம்பர் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் சிரித்தேன். இந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த நாற்காலிக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பெண்களுக்காகத்தான் போகிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்போது அதை மனதார நம்பினேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு வயதான மீனவருக்குக் கட்டிலிலேயே எக்ஸ்ரே எடுக்க வந்தார்கள். அவர் உடம்பை முறுக்கிக்கொண்டே இருப்பார், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு முதலில் போவது யேசொல்தான். அன்று அவள், "நாஹி, நீ கொஞ்சம் பிடிச்சுக்கோடி, எனக்கு மருந்து குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மருந்து கொடுத்து முடித்து அரைமணி ஆகியிருந்தது. அவள் கதிர் எட்டாத தூரத்துக்கு, நடைபாதையின் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒருத்தி விடுப்பில், இன்யங்குக்கு ஏழாம் மாதம். யேசொல் மூன்றாவது ஆள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தால் சட்டப்படி இரவுப் பணியிலிருந்து எடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே, மறுவாரத்திலிருந்து நவம்பர் முடிய அட்டவணையைத் திருத்தி எழுதினேன். வழக்கமாக அவளுக்கு மாதம் ஆறு இரவு வரும், பத்து போட்டேன். இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இருக்கும் அறைகளை அவள் பக்கம் தள்ளினேன். அங்கே ஆளைத் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். யாராவது கேட்டால் சொல்லக் காரணம் வைத்திருந்தேன்: அவள் கெட்டிக்காரி. யாரும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவளே வந்தாள். கையில் இரண்டு பெட்டி ஆரஞ்சு. ஒன்று எனக்கு, ஒன்று மற்ற நர்ஸுகளுக்கு. முறை தவறி உண்டாகிறவர்கள் இப்படி ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பது எங்கள் வார்டில் வழக்கமாகியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்ல. வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை.

இடுப்பு வரை குனிந்தாள். "தப்பு பண்ணிட்டேன் மேடம். என் முறை இல்லன்னு தெரியும். மூணு வருஷமா ஊசி போட்டும் ஒண்ணும் நிக்கல. இந்தத் தடவை நின்னுடுச்சு. எல்லாருக்கும் பாரமாயிட்டேன், மன்னிச்சிடுங்க."

ஒரு பெண் தாயாகப் போவதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். வாழ்த்துகள் என்ற வார்த்தை கூட என் வாயிலிருந்து வரவில்லை. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது, ஜன்னலைப் பார்த்தே பேசுகிறேன்.

"நைட் மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தா..." என்று இழுத்தாள்.

"அட்டவணை போட்டாச்சேம்மா. உனக்குப் பதிலா யாரை அனுப்ப? இன்யங்குக்கு எட்டாம் மாசம். அவளை அனுப்பவா? நீயே சொல்லு."

"ஐயோ, வேண்டாம் மேடம்."

கர்ப்பிணி தானாகக் கேட்டால் மட்டும்தான் இரவுப் பணி தரலாம் என்று சட்டம் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான படிவத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். வாசகத்தை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில்.' எழுதி முடித்துவிட்டு, நன்றி மேடம் என்றாள். உங்கள் கோப்பில் இருக்கும் தாள் அதுதான். கை அவளுடையது, வாய் என்னுடையது.

அதற்கடுத்த வாரம் நகர மண்டபத்தில் நான் பேசினேன். வேலைக்குப் போகும் பெண்கள் மேலே வருவது எப்படி என்பது தலைப்பு. திட்டமிட்டால் குடும்பம், வேலை இரண்டையும் காப்பாற்றலாம் என்றேன். நல்ல கைதட்டல். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதை வெட்டி, எங்கள் ஓய்வறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் யேசொல்தான் ஒட்டினாள்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு, இரவுப் பணியை முடித்தவள் பகல் ஆட்களுக்குப் பொறுப்பு மாற்றிக் கொடுத்தாள். இருபத்திரண்டு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து, எவ்வளவு சிறுநீர் போனது, யார் தூங்கவில்லை, எல்லாம் சொன்னாள். ஒரு வரி விடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். முடித்த பிறகு, "நான் கொஞ்சம் கீழ, மகப்பேறு பிரிவுக்குப் போயிட்டு வரேன் மேடம்" என்றாள். அவள் எழுந்துபோன பிறகுதான் நாற்காலியை நாஹி பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினான்காவது வாரம். தங்கவில்லை.

ஐந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜனவரில நீ குச்சி எடுக்க வேண்டாம். முதல் எண் உனக்குன்னு எழுதி வச்சிட்டேன்" என்றேன். கேட்டீர்களா, நான் என்ன சொன்னேன் என்று? அதைப் பெரிய தயவு என்று நினைத்துச் சொன்னேன்.

அவள் அழவில்லை. வேலையை விடுகிறேன் என்றாள். அதற்குப் பிறகு முதல்முறையாக என்னை மேடம் என்று கூப்பிடாமல் பேசினாள்.

"அக்கா, அன்னிக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதே நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க என்னைப் பாத்ததை நானும் பாத்தேன். தெரிஞ்சும் ஒண்ணும் கேக்காம இருக்காங்களே, நமக்காகத்தான் கண்டும் காணாம இருக்காங்கன்னு நெனச்சேன். வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னேன், அக்கா பாத்துப்பாங்கன்னு."

குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவள் உங்களிடம் புகார் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். புகார் கொடுத்தது நாஹி. மற்றவர்கள் அப்படி ஒரு வரிசையே கிடையாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்காகப் பொய் சொல்கிறார்கள், அவர்களைத் திட்டாதீர்கள். போன திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. துணை இயக்குநர் பதவி எனக்குத்தான். அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண் என்று பூங்கொத்து வேறு அனுப்பியிருந்தார்கள். வாசலில் வாங்கி வைத்தேன், உள்ளே எடுத்துப் போக மனம் வரவில்லை.

அந்த வார்டை நான் எவ்வளவு நன்றாக நடத்தினேன் என்று உங்களிடம் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்தக் கரு கலைந்துவிட வேண்டும் என்று நான் ஏழு வாரம் காத்திருந்தேன். அன்று காலை அவள் கீழே போன பிறகு, நாற்காலியை நானேதான் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நிம்மதி.