முதல் கூட்டம்

அபுதாபி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தமிழர்கள் டூட்டி முடிந்து ரூமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் ஓர் அமெரிக்க ராக் பேண்டின் பெரிய விளம்பரப் பலகை தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் அதைக் காட்டினார்.

"இந்த ஊர்ல இவனுங்களுக்கு மொதக் கூட்டமே நாங்கதான் மாப்ள."

"என்ன மாமா சொல்ற?"

"முன்னாடி ஒரு ஓட்டல் புல்வெளியில பாட வந்தானுங்க. நாங்கதான் ஸ்டேஜ் போட்டோம். ஆளே வரல. ஹெல்மெட்ட கழட்டிட்டு முன்னால போய் நில்லுங்க, பாட்டு முடிஞ்சா கை தட்டுங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்."

"தட்டுனியா?"

"தட்டாம? டூட்டிதானே."

"இப்ப?"

"இப்ப ஸ்டேடியம். டிக்கெட் மாஃபி, எல்லாம் வித்துப்போச்சு. கூட்டம் ஸ்டேஜ்ல ஏறிடாம இருக்க நேத்துதான் கம்பித் தடுப்பு போட்டுட்டு வந்தேன். ஷோ அன்னிக்கு நம்மள உள்ள விடமாட்டான்."

மற்றவர் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கிதாரோட நாலு கரண்டுப் பொட்டிய வச்சுத் தட்டுறானுங்க. அதுக்கா இவ்வளவு கூட்டம்? நெசமாவே நல்லாருந்துச்சா?"

ஜன்னலோரத்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"மொத ரெண்டு பாட்டுக்கு, சொன்னான்னு தட்டுனோம். அடுத்த பாட்டுக்குள்ள சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிட்டான் மாப்ள. அப்பவும் தட்டுனேன்."