கழியூன்றி நின்றவன்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. விசாரணைக்கு வந்த இடத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பெய் ஜுன் என் நண்பன். அரசு வேலையை உதறிவிட்டு, சூச்சோ நகருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தான். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எனக்கு மையால் ஒரு படம் தீட்டித் தருவான். இரண்டு மொட்டை மரம், ஆளில்லாத குடிசை, மீதியெல்லாம் வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் தண்ணீர். அதன் ஓரத்தில் நான் நாலு வரி எழுதி என் முத்திரையைப் பதிப்பேன், நம் வழக்கம்தானே. அதைப் பார்க்கவே ஊரில் பாதிப்பேர் என் வீட்டுக்கு வருவார்கள்.

பிறகு சூயிங் வந்தாள். படகில் தாமரைக்கிழங்கு விற்கிறவள். வந்தவள் அவனோடு தங்கிவிட்டாள். அவன் கன்னத்தில் சதை போட்டது. அந்த வருடப் படத்தில் குடிசையிலிருந்து புகை கிளம்பியது. வாசலில் ஒரு பெண் நின்றாள்.

“இது யாரு?” என்றேன்.

“சூயிங்தான். கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு? உக்காரு, மீன் வெந்துட்டிருக்கு. சாப்பிட்டுப் போ.”

சாப்பிட்டேன். மீன் நன்றாகவே இருந்தது. அதை மறைத்தால் நியாயமாகாது.

தாளில் இறங்கிய மையைச் சுரண்டி எடுக்க முடியாது, ஐயா. தாள்தான் கிழியும். அதனால் வேறு இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை, நல்ல மூடுபனி. என்னைப் படகில் அக்கரையில் விடும்படி சூயிங்கிடம் சொன்னேன். “கெட்டியாப் புடிச்சுக்குங்க லூ அண்ணே. விழுந்தா உங்க படிப்பு மிதக்காது,” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோரையில் சிக்கிய துடுப்பை எடுக்க அவள் குனிந்தபோது தள்ளினேன். அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆகவே மூங்கில் கழியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு தண்ணீர் பழையபடி வெறுமையாகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கால் தவறி விழுந்துவிட்டாள் என்று பெய் ஜுனிடம் சொன்னேன். அவன் கரையில்தான் நின்றிருந்தான். பனி அதற்குள் விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு படத்தோடு வீட்டுக்கு வந்தான். ஏரி, படகு, அதில் ஒருவன் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கழியை நீருக்குள் அழுத்துகிறான். என் தொப்பி, என் கூனல் முதுகு. இத்தனை வருடத்தில் முதல் முறையாக என்னை வரைந்திருந்தான்.

“எழுதிக் குடு. இது யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல,” என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘அந்தப் பனிக்காலையில் கழியூன்றி நின்றவன் நான்’ என்று எழுதி, பெயரிட்டு, சிவப்பு முத்திரையும் பதித்தேன். அதை அவன் நேரே உங்களிடம் கொண்டுவந்தானாம்.

அவளைக் கொன்றது நான்தான். பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவனுடைய தனிமைக்காகச் செய்தேன். படத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அதில் என்னைத் தவிர வேறு யாரையும் அவன் வரையவில்லை.